மேகத்துக்கு மேலே ஓர் எரிமீன் மழை

ஆண்டுதோறும் ஆகஸ்டுத் திங்கள் 12, 13 ஆகிய நாட்களை ஒட்டிப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வெளிவருவது வழக்கம். நள்ளிரவுக்குப் பின் எரிமீன்கள் மழைபோலப் பொழியும், வெறுங்கண்ணாலேயே காணலாம் என்பது அச்செய்தி. அதனைப் படித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்பதை நாம் நன்கறிவோம். விடியற்காலை 3 மணிக்குக் கடிகாரம் அலற, உறங்கும் குழந்தைகளை எழுப்பிக்கொண்டு மாடிக்கு ஏறுகிறோம். கரமனையிலானாலும் சாலைக் கடைத்தெருவிலானாலும் கோட்டைக்குள்ளானாலும் தலைக்குமேல் தெரிவது ஒன்றே. ஈரமான சாம்பல் நிறத்தில் ஒரு மேகக் கூரை. அரைமணி நேரம் அண்ணாந்து நின்றுவிட்டுக் கழுத்து வலியோடு கீழே இறங்குகிறோம். கர்க்கடக மாதத்து வானத்திடம் வேறெதனை எதிர்பார்ப்பது?

இதில் வெறும் ஏமாற்றத்துக்கு மேலாகவும் ஒன்று உண்டு. நம்முள் பலர் வறண்ட பூமியிலிருந்து வந்தவர்கள். திருநெல்வேலிச் சீமையிலோ இராமநாதபுரத்திலோ கோடைக்காலத்தில் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்தால், உறக்கம் வருமுன் இரண்டு மூன்று நட்சத்திரங்கள் 'விழுவதை'ப் பார்த்துவிடலாம். விழுவதைப் பார்த்தவுடன் பச்சை மரம் ஒன்றைப் பார்க்கவேண்டும் என்று பாட்டி சொல்லுவாள். இங்கே பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்குப் பச்சை மரங்களுக்குக் குறைவில்லை. விழும் நட்சத்திரந்தான் இல்லை. இடவப்பாதி என்றும் துலாவருஷம் என்றும் இரண்டு மழைக்காலங்களை உடைய ஊரில், வானம் என்பது குழந்தைகளுக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் காணும் பொருளாகிவிடுமோ என்ற கவலை நமக்கு எழுவது இயல்பே.

இக்கவலைக்கு ஒரு மருந்து உண்டு. மேகம் மறைப்பது நம் கண்ணை மட்டுமே. நம் வீட்டு வானொலிப் பெட்டியின் காதை அது மறைப்பதில்லை. மேகமூட்டமான இரவிலும், ஏன், கொட்டும் மழையிலும் நண்பகலிலுங்கூட, எரிமீன் மழையை வீட்டிலிருந்தபடியே காதால் கேட்கலாம். அஃது எவ்வாறு இயலும் என்பதையே இங்குச் சற்று விளக்கமாகக் காண்போம்.

முதலில், எரிமீன் என்பது யாது? அது விண்மீனும் அன்று, விழுவதும் அன்று. வால்மீன்கள் கதிரவனை நெருங்கும்போது தம் உடலிலிருந்து தூசியையும் சிறு கற்களையும் உதிர்த்துச் செல்லுகின்றன. அத்தூசி, வால்மீன் சென்ற பாதை நெடுகிலும் பரவிக் கிடக்கிறது. பூமி தன் ஆண்டுச் சுற்றில் அப்பாதையைக் கடக்கும்போது மணல் பரல் அளவும் பட்டாணி அளவுமான துகள்கள் மிக்க வேகத்துடன் நம் காற்று மண்டலத்துக்குள் பாய்கின்றன. ஆகஸ்டு மாதத்தில் நாம் கடப்பது ஸ்விஃப்ட்-டட்டில் என்னும் வால்மீன் விட்டுச் சென்ற தூசி. 1862-இல் கண்டுபிடிக்கப்பட்ட அவ்வால்மீன், ஏறத்தாழ 133 ஆண்டுகளுக்கு ஒருமுறை கதிரவனைச் சுற்றி வருவது. 1992-இல் மீண்டும் வந்து சென்றது. அதன் துகள்கள் நொடிக்கு 59 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுகின்றன. அவை பெர்சியஸ் என்னும் விண்மீன் கூட்டத்தின் திசையிலிருந்து புறப்படுவனபோலத் தோன்றுவதால் அதனைப் பெர்சியஸ் பொழிவு என்போம். உண்மையில் துகள்கள் இணைகோடுகளாகவே வருகின்றன. நீண்ட தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவனபோலக் கண்ணுக்குப் படுவதைப் போன்றதே இத்தோற்றமும்.

இங்கே உயரக் கணக்கு ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். தென்மேற்குப் பருவக் காலத்தில் நம்மை மூடும் மேகங்களுள் பெரும்பாலானவை தரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டர் உயரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. இடி மின்னலோடு வரும் பெருமேகத்தின் உச்சிகூட 15 கிலோமீட்டர் அளவில் நின்றுவிடும். எரிமீன்கள் எரிவதோ 80 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில். ஆகவே, நாம் மாடியில் நின்று மேகத்தை நொந்துகொள்ளும் அதே வேளையில், அதற்கு மேலே, தெளிந்த இருளில், பொழிவு ஒரு குறைவுமின்றி நடந்துகொண்டுதான் இருக்கிறது.

மேகத்தைக் கடந்து வானை அறிய முயலுவது இந்த ஊருக்குப் புதிதன்று. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837-இல், இந்நகரின் குன்று ஒன்றின்மேல் வானாராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஆலப்புழையில் வாணிகப் பிரதிநிதியாக இருந்த ஜான் கால்டிகாட் என்பவர் அதன் முதல் இயக்குநரானார். அவருக்குப் பின் 1852-இல் வந்த ஜான் ஆலன் பிரௌன் என்னும் அறிஞர், பூமியின் காந்தத்தையும் காற்றழுத்தத்தையும் பல்லாண்டுகள் இடைவிடாது அளந்தார். நகரத்தில் அளப்பது போதாதென்று, 1855-இல் அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆராய்ச்சிக் குடிலை அமைத்தார். 1,868 மீட்டர் உயரமுள்ள அம்மலை, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொதுவாக நிற்பது. நம்மைப் போலவே இரு பக்கமும் உறவுடையது.

பின்னர் 1963 நவம்பர் 21-ஆம் நாள் மாலையில், நகரை அடுத்த மீனவர் சிற்றூராகிய தும்பாவிலிருந்து நைக்-அப்பாச்சி என்னும் ராக்கெட் ஏவப்பட்டது. அங்கிருந்த தேவாலயமே அந்நாளில் விஞ்ஞானிகளுக்கு அலுவலகமாயிற்று. ராக்கெட் மேலே சென்று சோடிய ஆவியைக் கக்கியது. அந்தி வானத்தில் அந்த ஆவி செம்மஞ்சள் மேகமாக ஒளிர்ந்து, காற்றால் இழுபட்டு நெளிந்தது. அதன் நெளிவைப் படமெடுத்து, மிக உயரத்தில் வீசும் காற்றின் போக்கை அறிஞர் கணித்தனர். இதில் ஒரு பொருத்தம் உண்டு. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் உயரத்தில் இயற்கையாகவே ஒரு மெல்லிய சோடியப் படலம் பூமியைச் சூழ்ந்துள்ளது. அதனை அங்கே கொண்டுவந்து சேர்ப்பவை எரிமீன்களே. எரிந்துபோன கோடானுகோடித் துகள்களின் எச்சம் அது.

அதே தும்பாவில், 2004-ஆம் ஆண்டில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் எரிமீன்களுக்கென்றே ஒரு ராடாரை நிறுவியது. 35.25 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வானொலி அலைத் துடிப்புகளை வானெங்கும் அனுப்பி, எரிமீன் தடங்களிலிருந்து திரும்பிவரும் எதிரொலியை ஐந்து ஏரியல்களால் பிடிப்பது அதன் வேலை. ஐந்து ஏரியல்களுக்கும் அலை வந்து சேரும் நேரத்திலுள்ள நுண்ணிய வேறுபாட்டைக்கொண்டு தடம் எத்திசையில் உள்ளது என்று அறியலாம். தடம் காற்றில் அடித்துச் செல்லப்படும் வேகத்தைக்கொண்டு அவ்வுயரத்துக் காற்றை அளக்கலாம். பலூன் எட்டாத, செயற்கைக்கோள் தங்கிச் சுற்ற இயலாத உயரம் அது. அங்கே காற்றை நாள்தோறும் அளப்பதற்கு எரிமீனே கருவியாயிற்று. இடவப்பாதி மழை கொட்டும் நாளிலும் அந்த ராடாருக்குப் பகலென்றும் இரவென்றும் மேகமென்றும் வேறுபாடு இல்லை. கண்ணுக்கு ஒன்றும் தெரியாத நாளிலும் ஆயிரக்கணக்கான எரிமீன்களை எண்ணும் ஆற்றல் அதற்கு உண்டு.

எரிமீனை வானொலியால் அறியலாம் என்பது எவ்வாறு தெரிந்தது என்ற வரலாறும் சுவையானது. 1929-இல் ஜப்பானிய அறிஞர் நாகாவோகா, எரிமீன்கள் வானொலி அலைகளின் போக்கைப் பாதிக்கக்கூடும் என்று எழுதினார். நம் நாட்டுக்கும் இதில் ஒரு சிறப்பான பங்கு உண்டு. அகில இந்திய வானொலியைச் சேர்ந்த சமன்லால், வேங்கடராமன் என்னும் இருவர், சிற்றலை வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கையில் இடையிடையே ஒரு சீழ்க்கை ஒலி உயர்ந்த சுருதியில் தொடங்கி விரைவாகக் கீழிறங்கி மறைவதைக் கவனித்தனர். அது எரிமீன்களால் விளைவது என்று விளக்கி 1941-இல் கட்டுரை வெளியிட்டனர். நிலையத்திலிருந்து நேராக வரும் அலை ஒன்று. விரைந்து பாயும் எரிமீனின் முகப்பில் பட்டுத் திரும்பிவரும் அலை மற்றொன்று. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் சுருதி கூடி ஒலிப்பதுபோல, இரண்டாவது அலையின் அதிர்வெண் சிறிது மாறுபடும். இரண்டும் கலக்கும்போது அவற்றின் வேறுபாடு நம் காதில் சீழ்க்கையாகக் கேட்கிறது. பிறர் இரைச்சல் என்று தள்ளியதை நின்று கேட்ட செவியின் சிறப்பு இது.

இரண்டாம் உலகப் போர் முடிந்தவுடன், 1945 டிசம்பரில், இங்கிலாந்தில் பெர்னார்டு லவல் என்பவர் இராணுவத்தின் பழைய ராடார் வண்டிகளை ஜோட்ரெல் பாங்க் என்னும் வயல்வெளிக்குக் கொண்டுசென்றார். அவர் தேடியது அண்டக் கதிர்களை. அகப்பட்டது எரிமீன்களின் எதிரொலி. அவருக்கு உதவியவர் பிரென்டிஸ் என்னும் வழக்கறிஞர். வானியல் அவருக்குத் தொழிலன்று, விருப்பம் மட்டுமே. ராடார் எதிரொலி காட்டும் கணத்தில் வானில் எரிமீன் தோன்றுகிறதா என்று அவர் கண்ணால் பார்த்துச் சொல்ல, எதிரொலிக்கும் எரிமீனுக்கும் உள்ள தொடர்பு உறுதியாயிற்று. 1947-இல் அதே இடத்தில் மற்றொரு வியப்பு வெளிப்பட்டது. ஜூன் மாதப் பகல் வெளிச்சத்தில், எவர் கண்ணுக்கும் தெரியாமல், பெரும் எரிமீன் பொழிவுகள் நடந்துகொண்டிருந்தன. மனித குலம் தோன்றிய நாள்முதல் தலைக்குமேல் நிகழ்ந்தவற்றை, வானொலி வந்த பின்னரே நாம் அறிந்தோம்.

இனி, வீட்டில் கேட்கும் முறைக்கு வருவோம். எரிமீன் ஒன்று பாயும்போது அதன் வெப்பத்தால் காற்றணுக்கள் சிதைந்து மின்னேற்றம் பெறுகின்றன. பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் நீளமுள்ள மெல்லிய கம்பி ஒன்றை வானத்தில் இழுத்துவிட்டாற்போன்ற தடம் அது. பண்பலை வானொலியின் அலைகள் நேர்கோட்டில் செல்லுபவை. சாதாரணமாக நூறு கிலோமீட்டர் அளவுக்குமேல் கேட்பதில்லை. தொலைதூர நிலையத்தின் அலை நம் ஊருக்கு மேலாகக் கடந்து விண்வெளிக்குப் போய்விடும். ஆனால் வழியில் எரிமீன் தடம் தக்க கோணத்தில் குறுக்கிட்டால், கண்ணாடியில் பட்ட வெயில்போல் அவ்வலை தெறித்து நம்மிடம் வந்து சேரும். தடம் காற்றில் கரையும்வரையில் நிலையம் கேட்கும். பெரும்பாலும் அஃது ஒரு நொடிக்கும் குறைவான நேரமே. பெரிய எரிமீனானால் பல நொடிகள் நீடிக்கலாம்.

இதற்குத் தேவையானது பண்பலை வானொலிப் பெட்டி ஒன்று. தானாகவே நிலையம் தேடும் புதுக் கருவிகள் பல, நிலையமில்லாத இடத்தில் ஒலியை அடைத்துவிடும். ஆதலால் கையால் முள்ளைத் திருப்பும் பழைய பெட்டியே சிறந்தது. உள்ளூர் நிலையம் எதுவுமில்லாத, வெறும் 'ஸ்' என்னும் இரைச்சல் மட்டும் கேட்கும் இடத்தில் முள்ளை நிறுத்தவேண்டும். அந்த அலைவரிசையில் 500 முதல் 2,000 கிலோமீட்டர் தொலைவுக்குள் ஆற்றல் மிக்க நிலையம் ஒன்று இருப்பது அவசியம். திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் சென்னை ஏறத்தாழ 620 கிலோமீட்டர், ஐதராபாத்து 1,000, மும்பை 1,250. மூன்றும் ஏற்றவையே. தடம் 100 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் அலை மேலிருந்து சாய்வாக இறங்கி வருகிறது. ஆகையால் கிழக்கே நிற்கும் மேற்குத்தொடர்ச்சி மலை அதனைத் தடுப்பதில்லை. ஒரே அலைவரிசையில் பல நகரங்களில் நிலையங்கள் இருக்குமாதலால், வந்தது எவ்வூர்க் குரல் என்பதை மொழியைக்கொண்டுதான் ஊகிக்கவேண்டும்.

பெட்டியிலுள்ள நீட்டுக் கம்பியே தொடக்கத்திற்குப் போதும். இன்னும் நன்றாகக் கேட்க விரும்புவோர், 75 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு செம்புக் கம்பிகளை ஒரு மூங்கில் குச்சியில் நேர்கோடாகக் கட்டி, நடுவிலிருந்து இரட்டைக் கம்பியால் பெட்டிக்கு இணைக்கலாம். பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதில் காற்பங்கு இந்த 75 சென்டிமீட்டர். அலை வடக்கிலிருந்து வருவதானால் குச்சி கிழக்கு மேற்காக நீளவேண்டும். ஓட்டு வீட்டில் அதனைப் பரணிலேயே கட்டிவிடலாம். மழையில் நனைக்க வேண்டியதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் முக்கியமானது. மின்னல் உள்ள வேளையில் இம்முயற்சி கூடவே கூடாது. துலாவருஷக் காலத்துப் பிற்பகலிலும் மாலையிலும் இந்நாட்டில் இடி எத்துணைக் கொடியது என்பது நாம் அறிந்ததே. கம்பியை மாடியில் உயர்த்திக் கட்டுவது மின்னலை வீட்டுக்கு அழைப்பதற்கு ஒப்பாகும். மழை இருக்கலாம், இடி இருக்கக்கூடாது. இடி முழக்கம் காதில் பட்டவுடன் ஏரியலைக் கழற்றிவிட்டு வேறு வேலை பார்ப்பதே அறிவுடைமை.

கேட்கும் நேரம் விடியற்காலையாக அமைவது நலம். மழையில் ஓடுபவனுக்கு முதுகைவிட மார்பு மிகுதியாக நனைகிறதல்லவா? பூமியும் நொடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. விடியலை நோக்கியிருக்கும் பக்கமே அதன் மார்பு. ஆகவே பொழிவு இல்லாத சாதாரண நாட்களிலும் மாலை 6 மணியைவிடக் காலை 6 மணிக்கே எரிமீன்கள் மிகுதி.

அமைதியாக அமர்ந்து இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தால், திடீரென்று இரைச்சல் அடங்கி ஒரு குரலோ இசையோ பளிச்சென்று கேட்கும். அடுத்த கணமே மீண்டும் இரைச்சல். அதுவே எரிமீன். ஆனால் கேட்டதெல்லாம் எரிமீன் என்று கொண்டுவிடுதல் தவறு. கடல்மேல் படியும் ஈரக்காற்றுப் படலத்தின் வழியாகக் கொழும்பு நிலையங்கள் சில நாள் தென்கோடிக் கடற்கரைகளில் கேட்கும். அவை பல நிமிடங்களும் மணிக்கணக்கிலும் நிலைத்து, மெல்ல ஏறி இறங்கும். அயனி மண்டலத்தில் அவ்வப்போது செறியும் திட்டுகளால் பகற்பொழுதில் தொலை நிலையங்கள் நீண்டநேரம் கேட்பதும் உண்டு. விமானத்தில் பட்டு வரும் அலை நடுங்கி நடுங்கி ஒலிக்கும். எரிமீனின் அடையாளம் அதன் திடீர்த் தோற்றமும் விரைந்த மறைவுமே.

கேட்பதோடு நில்லாமல் எண்ணவும் வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதி, பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டமாக, ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு கோடு இடுவது எளிய முறை. நீண்டு ஒலித்ததற்குக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போடலாம். பொழிவு நாளில் மட்டும் எண்ணினால் பயனில்லை. அதற்கு மூன்று நாள் முன்னும் மூன்று நாள் பின்னும், அதே நேரத்தில், அதே அலைவரிசையில், ஏரியலை அசைக்காமல் எண்ணினால்தான் ஏற்றமும் இறக்கமும் புலப்படும். தடம் தக்க கோணத்தில் அமைந்தாலன்றி அலை நம்மிடம் தெறிக்காது. ஆதலால் நம் எண்ணிக்கையைக் கண்ணால் பார்த்தவர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுதல் பொருந்தாது. நம் முதல்நாள் எண்ணிக்கையோடு நம் மறுநாள் எண்ணிக்கையை ஒப்பிடுவதே முறை.

திருவனந்தபுரத்து வானிலையையும் பொழிவுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஆண்டுக் கணக்கு கிடைக்கும். சித்திரையில், மே 6-ஐ ஒட்டி வருவது கும்பப் பொழிவு. ஹாலி வால்மீனின் தூசி. அதன் திசை பின்னிரவு 2 மணியளவில் கிழக்கில் எழும். இப்பொழிவுக்கு வடநாட்டாரைவிடத் தெற்கில் வாழும் நாமே வாய்ப்புடையோர். இடவப்பாதி தொடங்கும் வேளையில், ஜூன் 7-ஐ ஒட்டி, மேடப் பொழிவு. 1947-இல் அறியப்பட்ட பகற்பொழிவுகளுள் தலையாயது இதுவே. விடியுமுன் தொடங்கி முற்பகல் முழுதும் நடப்பதாகையால், மேகமில்லாத ஊரிலும் இதனைக் கண்ணால் காண்பது மிக அரிது. இந்த ஒன்றில் மழைநாட்டாராகிய நமக்கும் பாலைவனத்தாருக்கும் வேறுபாடில்லை. ஆகஸ்டு 12, 13-இல் பெர்சியஸ் பொழிவு; இங்கே நள்ளிரவை ஒட்டி அதன் திசை எழுந்து, விடியும்வரை வடவானில் ஏறுகிறது. டிசம்பர் 14-இல் வரும் மிதுனப் பொழிவே ஆண்டின் செழுமையான பொழிவுகளுள் முதன்மையானது. 1983-இல் கண்டறியப்பட்ட ஃபேதான் என்னும் சிறுகோளிலிருந்து பிறந்தது அது. இரவு 8 மணியளவில் எழுந்து, பின்னிரவு 2 மணிக்குமேல் உச்சியை நெருங்கும். துலாவருஷம் ஓய்ந்த ஆண்டுகளில் அதனைக் கண்ணாலும் காணலாம். புயற்சின்னம் கடலில் நிற்கும் ஆண்டுகளில் காதே துணை.

'இத்தனை பாடுபட்டு அரை நொடி ஒலியைக் கேட்டு என்ன கண்டோம்?' என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. கேட்பது காண்பதாகாது. வானைக் கீறிச் செல்லும் ஒளிக்கோடு தரும் உவகையை வானொலிப் பெட்டி தரும் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் எரிமீன் பொழிவு வேடிக்கைப் பொருள் மட்டுமன்று. 1993 ஆகஸ்டில், பெர்சியஸ் பொழிவு மிகுந்திருந்த இரவில், ஐரோப்பியரின் ஒலிம்பஸ் என்னும் செய்தித்தொடர்புச் செயற்கைக்கோள் நிலைதடுமாறிப் பயனற்றுப் போயிற்று. துகள் ஒன்று தாக்கியிருக்கலாம் என்பது அறிஞர்களின் ஐயம். ராக்கெட்டுகளை ஆக்கும் மையம் அமைந்த ஊரில் வாழும் நமக்கு, இத்துகள்களின் வரவு அயலார் செய்தியன்று.

அதனினும் மேலாக நம் குழந்தைகளைப் பற்றிய கணக்கு ஒன்று உண்டு. மேகத்தைப் பார்த்துவிட்டு 'இன்று ஒன்றுமில்லை' என்று அவர்களைப் படுக்கைக்கு அனுப்பும்போது, கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்று கற்பித்துவிடுகிறோம். பெட்டியின் முன் உட்காரவைத்து, 'மேலே நடக்கிறது. பொறுத்திருந்து கேள்' என்று சொல்லும்போது, தெரியாததையும் அறிய வழி தேடலாம் என்று கற்பிக்கிறோம். இரண்டாவது பாடம் மழைக்காலத்துக்கு மட்டும் உரியதன்று.

திருவனந்தபுரத்தைச் சொன்னோமாயினும் இது பிற மாநிலங்களில் வாழும் தமிழர் யாவருக்கும் பொருந்தும். மும்பையிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,030 கிலோமீட்டர். கொல்கத்தாவிலிருந்து 1,350-க்குச் சற்று மிகுதி. எரிமீன் வழியாகக் கேட்பதற்கு இவை மிகப் பொருத்தமான தொலைவுகள். ஆகஸ்டு மாதத்தில் அவ்விரு நகரங்களுக்கும் மேகத்துக்குக் குறைவில்லை. அங்கே ஒரு வீட்டில், விடியற்காலை இருளில், இரைச்சலுக்கு நடுவே திடீரென்று ஒரு தமிழ்ச் சொல்லின் பாதி கேட்டு மறையுமானால், அச்சொல் வந்த வழியை எண்ணிப் பாருங்கள். சென்னையிற் புறப்பட்ட குரல், எங்கோ ஒரு வால்மீன் விட்டுச் சென்ற மணல் பரல் எரிந்த கோட்டில் பட்டு, மேகங்களைத் துளைத்து, நம் வீட்டுப் பெட்டிக்குள் இறங்கியிருக்கிறது.

வரும் ஆடி மாதக் கடைசியில் வானம் மூடிக்கிடந்தால் வருந்த வேண்டாம். மாடியிலிருந்து இறங்கி வந்து, விளக்கை அணைத்து, முள்ளை இரைச்சலில் நிறுத்தி, நோட்டுப் புத்தகத்தோடு அமருங்கள். கோடு போடும் வேலையைக் குழந்தையிடம் கொடுங்கள்.